உங்க ரூமுக்கு எத்தனை டன் ஏசி வேணும்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



ஏப்ரல் வந்தாச்சுன்னா ஆபீஸ்ல டீ குடிக்கிற நேரத்துப் பேச்சே மாறிடும். "நீ எந்த ஏசி வாங்கின? எவ்ளோ ஆச்சு? நோ காஸ்ட் இஎம்ஐ இருந்துச்சா?" இந்த மூணு கேள்விதான் சுத்திச் சுத்தி வரும். "உன் ரூம் எவ்வளவு பெரிசு? மேல மொட்டை மாடியா?"ன்னு யாருமே கேக்க மாட்டாங்க. ஆனா உங்க பணம் எங்க போகப் போகுதுன்னு முடிவு பண்றது அந்தக் கேள்விதான்.

ஏசியோட விலையை ஒரு தடவை கட்டுறீங்க. அதோட கரன்ட் பில்லை பத்து வருஷம் கட்டப் போறீங்க. அதனால இதை ஒரு நாள் செலவாப் பார்க்காம, பத்து வருஷக் கமிட்மென்ட்டாப் பாருங்க. முடிவு எடுக்க வேண்டிய வரிசை இதுதான்: முதல்ல ரூமுக்குள்ள வர்ற சூடு, அப்புறம் டன், அப்புறம் ஸ்டார், கடைசியாத்தான் பிராண்டும் ஆஃபரும். நம்மில் பலரும் இதைத் தலைகீழா செய்யறோம். ஆஃபர்ல ஆரம்பிச்சு, கடைக்காரர் சொல்ற டன்னுல முடிக்கிறோம்.

பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. சேர்ந்தே கணக்கு போடலாம்.

டன்னுன்னா என்ன?

ஏசி மெஷினோட எடை இல்லை அது. அந்தக் காலத்துல பனிக்கட்டி வெச்சுதான் குளிர வைப்பாங்க. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்துல உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அந்த வேகத்துக்குப் பேருதான் ஒரு டன். இன்னைக்குக் கணக்குல மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் 3,500 வாட்.

இங்க ஒரு குழப்பம் வரும். 3,500 வாட்டுங்கிறது ஏசி ரூமுல இருந்து வெளியே தள்ளுற சூடு. அது இழுக்கிற கரன்ட் இல்லை. சூட்டை உள்ளே இருந்து வெளியே கடத்துறதுக்கு மட்டும்தான் கரன்ட் செலவாகுது. அதனால ஒரு டன் ஏசி முழு வேகத்துல ஓடினாலும் மணிக்குச் சுமார் ஒரு யூனிட்தான் இழுக்கும். இன்வெர்ட்டர் ஏசின்னா, ரூம் குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைச்சு அதைவிடக் கம்மியா இழுக்கும்.

அப்போ கேள்வி சிம்பிள்: உங்க ரூமுக்குள்ள எத்தனை வாட் சூடு வந்துக்கிட்டே இருக்கு? அதைத் தள்ளுற அளவுக்கு ஏசி வாங்கினாப் போதும்.

ஒரே சைஸ் ரூம், ரெண்டு வேற வேற விடை

சென்னையில 10-க்கு 12 அடி பெட்ரூம், உயரம் 10 அடி. மேலேயும் கீழேயும் வீடு இருக்கிற, நடு மாடி ஃபிளாட். தோராயமா கணக்கு போடுவோம்.

- தூங்குற ரெண்டு பேர், தலைக்கு 100 வாட்: 200
- ஃபேன், லைட், லேப்டாப், சார்ஜர்: 150
- சுவர், தரை, சீலிங் வழியா வர்ற சூடு: 900
- மேற்கு பார்த்த 4-க்கு 4 அடி ஜன்னல், திரை போட்டது: 400
- கதவு இடுக்கு வழியா வர்ற வெளிக்காத்தும் ஈரமும்: 400

மொத்தம் 2,050 வாட். இதோட கால் பங்கு கூடுதலா வெச்சுக்கணும். ஏன்னா ஏசியோட திறனை, வெளியே 35 டிகிரி இருக்கும்போதுதான் அளந்து லேபிள்ல போடுறாங்க. வேலூர், மதுரை, திருச்சி மாதிரி ஊர்ல 40 தாண்டுற நாள்ல அதே மெஷின் அவ்வளவு தள்ளாது. ஃபில்டர்ல தூசி சேர்ந்தாலும் திறன் குறையும். அந்தக் கால் பங்கையும் சேர்த்தா சுமார் 2,560 வாட். ஒரு டன் ஏசி 3,500 தள்ளும். தாராளமாப் போதும்.

இப்போ அதே ரூமைத் தூக்கி மொட்டை மாடிக்குக் கீழே வையுங்க. மே மாச மத்தியானம் வெறும் கான்கிரீட் தளத்தோட மேல்பக்கம் 60 டிகிரியை நெருங்கும். காலை வெச்சுப் பார்த்தாலே தெரியும். அந்தச் சூடு மெதுவா உள்ளே இறங்கி, நீங்க படுக்கப் போற நேரத்துக்குத்தான் சீலிங்ல இருந்து அடிக்க ஆரம்பிக்கும். 120 சதுர அடி தளத்துல இருந்து மட்டும் கூடுதலா சுமார் 1,000 வாட் வரும். மொத்தம் 3,050. கால் பங்கு சேர்த்தா 3,800-ஐத் தாண்டுது. ஒரு டன் பத்தாது, ஒன்றரை டன் வேணும்.

சதுர அடி ஒண்ணுதான், மெஷின் வேற. "120 சதுர அடியா? ஒரு டன் போதும்"னு சொல்றவரும் சரி, "எதுக்கும் ஒன்றரை போட்டுக்கோங்க"ன்னு சொல்றவரும் சரி, ரெண்டு பேருமே உங்க சீலிங்கைப் பார்க்காமத்தான் சொல்றாங்க.

சொந்த வீடா இருந்தா இந்தக் கணக்குல இன்னொரு வழியும் இருக்கு. நம்ம ஊர் பழைய வீடுகள்ல தளத்து மேல செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, அதுக்கு மேல தட்டோடு பதிப்பாங்க. சூட்டைத் தடுக்கத்தான் அது. இன்னைக்கு வெள்ளை கூலிங் டைல்ஸும் கூல் ரூஃப் பெயிண்ட்டும் அதே மாதிரிதான் உதவுது, வெயிலைத் திருப்பி அனுப்பிடும். தளத்துச் சூடு பாதியாக் குறைஞ்சா கணக்கு 2,550 வாட்டுக்கு வரும், கால் பங்கோட சேர்த்து 3,200. மறுபடியும் ஒரு டன்னே போதும்! ஏசி நிக்கிற நேரத்துலயும் வீடு குளிர்ச்சியா இருக்கும். பெயிண்ட்டுக்கு கரன்ட் பில்லும் வராது. அதனால தளத்து வேலைக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் டன்னை முடிவு பண்ணுங்க.

இவ்வளவு கணக்கு போட நேரமில்லைன்னா ஒரு கைக்கணக்கு: 120 சதுர அடி வரைக்கும் 1 டன், 180 வரைக்கும் 1.5 டன், 240 வரைக்கும் 2 டன். மொட்டை மாடிக்குக் கீழே, பெரிய மேற்கு ஜன்னல், கிச்சனோட சேர்ந்த ஹால், நாலு பேர் படுக்கிற ரூம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா ஒரு படி மேலே போங்க.

பெரிசா வாங்கினா என்ன நஷ்டம்?

"சின்னது வாங்கித் திணறுறதுக்குப் பெரிசாவே வாங்கிடலாமே?" நியாயமான கேள்விதான். ஆனா ஏசிக்கு ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு குளிர வைக்கிறது, இன்னொண்ணு காத்துல இருக்கிற ஈரத்தைப் பிழிஞ்சு எடுக்கிறது. வெளி யூனிட்டுப் பக்கத்துல பைப் வழியா சொட்டுற தண்ணி அதுதான். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இந்த ரெண்டாவது வேலை ரொம்ப முக்கியம்.

அளவுக்கு மீறின ஏசி ரூமை அஞ்சு நிமிஷத்துல குளிர வெச்சுட்டு நின்னுடும். ஈரம் எடுக்க நேரமே கிடைக்காது. குளிரும், ஆனா பிசுபிசுன்னு இருக்கும். உடனே ரிமோட்டை எடுத்து 20-ல வைப்பீங்க. இன்வெர்ட்டர் ஏசி வேகத்தைக் குறைச்சு ஓரளவு சமாளிக்கும். ஆனா அதுக்கும் ஒரு குறைஞ்சபட்ச வேகம் இருக்கு. அதுக்குக் கீழே இறங்க முடியாதப்போ அதுவும் நின்னு நின்னுதான் ஓடும்.

சின்னதா வாங்கினா நேர் எதிர். கம்ப்ரசர் ராத்திரி முழுக்க முழு வேகத்துல ஓடும், ரூம் 28-க்குக் கீழே இறங்காது. இன்வெர்ட்டருக்குன்னு கூடுதலாக் கொடுத்த பணம் வீண். ஏன்னா வேகத்தைக் குறைக்கிற வாய்ப்பே அதுக்குக் கிடைக்கலை. தப்பான டன்னுல வாங்கின 5 ஸ்டார், சரியான டன்னுல வாங்கின 3 ஸ்டாரைவிடச் செலவு வைக்கலாம்.

லேபிள்ல எதைப் படிக்கணும்?

பிஇஇ ஸ்டிக்கர்ல எல்லாரும் நட்சத்திரத்தைத்தான் எண்ணுறோம். அதுக்குக் கீழே நாலு விஷயம் இருக்கு.

ஒண்ணு, கூலிங் கெப்பாசிட்டி, வாட் கணக்குல. ஒன்றரை டன்னுன்னு விக்கிற எல்லா மெஷினும் ஒரே அளவு தள்ளாது. 4,800 வாட்டும் இருக்கு, 5,200 வாட்டும் இருக்கு. விலையை ஒப்பிடும்போது டன்னை விட்டுட்டு இந்த வாட்டைப் பாருங்க.

ரெண்டு, ஐஎஸ்இஇஆர். ஒரு சீசன் முழுக்க ஒரு யூனிட் கரன்ட்டுக்கு எவ்வளவு சூட்டைத் தள்ளுதுன்னு சொல்ற எண். பெரிசா இருந்தா நல்லது.

மூணு, வருஷத்துக்கு எத்தனை யூனிட். இது 1,600 மணி நேரம் ஓடினா ஆகிற கணக்கு. நீங்க அதைவிடக் கம்மியாவோ கூடவோ ஓட்டினா, அந்த விகிதத்துல மாத்திக்கணும்.

நாலு, லேபிளோட காலம். ஸ்டார் அளவுகோலை அப்பப்போ கடுமையாக்குவாங்க. 2022 ஜூலையில அப்படி மாத்தினப்போ, பழைய 5 ஸ்டார் மாடல்கள்ல பல ஒரு படி கீழே இறங்கிச்சு. "ஸ்டாக் கிளியரன்ஸ், 5 ஸ்டார்"னு போட்டிருந்தா எந்த வருஷத்து 5 ஸ்டார்னு கேளுங்க. ஐஎஸ்இஇஆர் எண்ணை வெச்சு ஒப்பிட்டா ஏமாற மாட்டீங்க.

ஸ்லாப் கணக்குதான் அசல் கணக்கு

தமிழ்நாட்டுல வீட்டு கரன்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம். 500 வரைக்கும் ஒரு ரேட், 500-ஐத் தாண்டிட்டா கதையே வேற. 2024 ஜூலைக் கட்டணப்படி 500-க்கு மேல போற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல. 600-ஐத் தாண்டினா 9-க்கு மேல, 800-ஐத் தாண்டினா 10-க்கு மேல, 1,000-ஐத் தாண்டினா 11-க்கு மேல. அதோட, 500-க்குள்ள இருக்கிறவங்களுக்கு 101-ல இருந்து 200 யூனிட் வரை கிடைக்கிற மலிவு ரேட்டும் கையை விட்டுப் போயிடும்.

ஏசி யூனிட் எல்லாம் உங்க பில்லோட உச்சியில போய் உக்காரும். சராசரி ரேட்டைப் போட்டு கணக்கு பார்த்தா தப்பாயிடும்.

உதாரணம்: ஏசி இல்லாம ரெண்டு மாசத்துக்கு 350 யூனிட் ஆகிற வீடு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, ராத்திரி 8 மணி நேரம், மணிக்குச் சராசரியா அரை யூனிட். 60 ராத்திரிக்கு 240 யூனிட். மொத்தம் 590. பில் 1,900 ரூபாய்க்குப் பக்கத்துல கூடும். அதாவது ஏசி யூனிட் ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 8 ரூபாய். வருஷத்துல ஆறு மாசம் ஓட்டினா சுமார் 5,700 ரூபாய். 42,000 ரூபாய் மெஷின்னா ஏழரை வருஷத்துல கரன்ட் செலவு மெஷின் விலையைத் தொட்டுடும்.

இதே வீட்டுல மணிக்கு அரை யூனிட் 0.3 ஆக் குறைஞ்சா மொத்தம் 494. 500-க்குள்ளயே நின்னுடுவீங்க! அதுக்கு வழி என்ன? செட்டிங்கை 20-ல இருந்து 25, 26-க்கு ஏத்தி, ஃபேனையும் சேர்த்து ஓட்டுறது. ஒரு டிகிரி கூட்டினா சுமார் 6% கரன்ட் மிச்சம்னு பிஇஇ சொல்லுது. 2020 ஜனவரியில இருந்து புது ஏசி எல்லாம் ஆன் பண்ணும்போதே 24-ல ஆரம்பிக்கணும்னு விதி வந்ததுக்கும் இதுதான் காரணம். சாதா சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் சுமார்தான். காத்து மேல பட்டாலே 26 டிகிரி சுகமா இருக்கும்.

வாடகை வீட்டுல ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கினா உங்களுக்கு ஸ்லாப்பே கிடையாது, அந்த ரேட்தான் உங்க கணக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறம் ஸ்டாரை முடிவு பண்ணுங்க.

3 ஸ்டாரா, 5 ஸ்டாரா?

ஒன்றரை டன் மெஷின் ரெண்டு. லேபிள்ல ஒண்ணு 1,000 யூனிட், இன்னொண்ணு 800 யூனிட். விலை வித்தியாசம் 8,000 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

- தினம் 8 மணி நேரம், 200 நாள் (1,600 மணி): 200 யூனிட் மிச்சம், யூனிட் 8 ரூபாய்னா 1,600 ரூபாய். 5 வருஷத்துல கொடுத்த காசு திரும்பி வரும். 5 ஸ்டார் ஓகே.
- கோடையில மூணு மாசம் மட்டும் (720 மணி): 90 யூனிட், 720 ரூபாய். காசு திரும்ப 11 வருஷம் ஆகும். 3 ஸ்டார் போதும்.
- வொர்க் ஃபிரம் ஹோம், தினம் 16 மணி நேரம், 200 நாள் (3,200 மணி): 400 யூனிட். ஸ்லாப்பும் மேலே போயிடுறதால யூனிட் 10 ரூபாய், 4,000 ரூபாய். ரெண்டே வருஷம். கண்ணை மூடிக்கிட்டு 5 ஸ்டார்.

கடையில கேக்குற விலையையும் லேபிள்ல இருக்கிற யூனிட்டையும் இதே இடத்துல போட்டுப் பாருங்க. விலை வித்தியாசத்தை வருஷ மிச்சத்தால வகுத்தா வர்றது 5-க்குள்ள இருந்தா வாங்கலாம், 8-க்கு மேல போனா வேண்டாம். நடுவுல வந்தா, எத்தனை வருஷம் அந்த வீட்டுல இருப்பீங்கன்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க.

பில்லுல வராத செலவுகள்

மெஷின் விலையோட கதை முடியாது. வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட், ஸ்டெபிலைசர், பெட்டியில வர்ற பைப் பத்தலைன்னா கூடுதல் காப்பர் பைப், சுவர்ல துளை. இதெல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குங்க. கடலோரத்துல இருந்தா காப்பர் காயில்தானா, துருப்பிடிக்காத கோட்டிங் இருக்கான்னு கேளுங்க.

வயரிங்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி, 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த் வேணும். மிக்ஸி போடுற பாயிண்ட்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஏசி ஓட்டுறது தீ விபத்துக்கு வழி. பழைய வீடுன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரையும் சாங்ஷன்டு லோடையும் பார்க்கச் சொல்லுங்க.

அடிக்கடி வீடு மாத்துறவங்க இதையும் சேர்த்துக்கணும்: கழட்டுற கூலி, மாட்டுற கூலி, கேஸ் குறைஞ்சா நிரப்புற செலவு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு வீடுன்னா, இந்தச் செலவே ஸ்டார் மிச்சத்தைச் சாப்பிட்டுடும். சுவர்ல துளை போட ஓனர் சம்மதத்தை வாட்ஸ்அப்லயாவது வாங்கி வையுங்க, அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது உதவும்.

ஏசியே வேணுமா?

ஏர் கூலர் தண்ணி ஆவியாகிறதை வெச்சுக் குளிர வைக்குது. காத்து காய்ஞ்சிருக்கிற உள்மாவட்டங்கள்ல ஏப்ரல், மே மாசம் நல்லா வேலை செய்யும், கரன்ட்டும் ஏசியைவிட ரொம்பக் கம்மி. சென்னைப் புழுக்கத்துல அதை மூடின ரூமுல ஓட்டினா இன்னும் புழுங்கும்.

ஹாட் அண்ட் கோல்டு மாடலை ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கிறவங்களும் டெல்லிக்கு மாத்தலாகிப் போறவங்களும் யோசிக்கலாம். அதே மெஷின் குளிர்காலத்துல வெளியே இருக்கிற சூட்டை உள்ளே கொண்டு வரும். சாதா ஹீட்டரைவிட கரன்ட் கம்மியாவே ஆகும். சென்னையில அதுக்குன்னு தனியாக் காசு கொடுக்காதீங்க.

இஎம்ஐ போடலாமா?

2025 செப்டம்பர் 22-ல இருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28%-ல இருந்து 18% ஆகிடுச்சு. அதுக்கு முந்தின வீடியோக்கள்ல பார்த்த விலையை வெச்சு "இவ்ளோ தள்ளுபடியா!"ன்னு மயங்காதீங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ விஷயத்துல, வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. இப்போ நடக்கிறது, வட்டி அளவுக்கு முன்கூட்டியே தள்ளுபடி காட்டி, அப்புறம் வட்டி போடுறது. கிரெடிட் கார்டுல அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில விழும். வட்டி 3,400 ரூபாய்னா 612 ரூபாய், அது போக புராசஸிங் ஃபீ. அதனால கடையில ஒரே ஒரு கேள்வி: "மொத்தமாக் கட்டினா கடைசி விலை என்ன?" ரெண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்துக்குள்ளன்னா, கையில இருக்கிற எமர்ஜென்சி ஃபண்டை உடைக்காம இஎம்ஐ போடலாம். மூவாயிரம் நாலாயிரம்னா, மூணு மாசம் சேர்த்து வெச்சு மொத்தமா வாங்குங்க. அந்த மாசத் தவணையோட கரன்ட் பில் கூடுறதையும் சேர்த்துப் பார்த்துதான் "கட்ட முடியுமா"ன்னு முடிவு பண்ணணும்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

1. டேப் எடுத்து ரூமோட நீளம், அகலம், ஜன்னல் சைஸ் அளந்து எழுதுங்க.
2. ராத்திரி 10 மணிக்கு சீலிங்கையும் மேற்குச் சுவரையும் தொட்டுப் பாருங்க. சுட்டா, டன்னுல ஒரு படி மேலே போகணும், இல்லேன்னா தளத்தை முதல்ல சரி பண்ணணும்.
3. போன வருஷத்து மார்ச் முதல் ஜூன் வரை வந்த கரன்ட் பில்லை எடுங்க. 500-க்கு எவ்வளவு பக்கத்துல இருக்கீங்க?
4. வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்கன்னு நேர்மையா ஒரு எண் எழுதுங்க.
5. சாக்கெட், வயரிங், வெளி யூனிட் வைக்கிற இடம், ஓனர் சம்மதம், இந்த நாலையும் டிக் பண்ணுங்க.

இந்த அஞ்சும் இருக்கிற ஒரு பேப்பரோட கடைக்குள்ள போங்க. சேல்ஸ்மேன் "எதுக்கும் ஒன்றரை டன்னே போட்டுக்கோங்க சார்"னு சொன்னா, "எத்தனை வாட் தள்ளும்? 1,600 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட்?"னு திருப்பிக் கேளுங்க. அதுக்கு அவர் சொல்ற பதிலையும் அதே பேப்பர்ல எழுதிட்டு, வெளியே வந்து ஒரு டீ சாப்பிட்டு, வகுத்துப் பார்த்துட்டு அப்புறம் கார்டை எடுங்க.